எல்லை தாண்டிப் போனால் இலவச வக்கீல் கிடைப்பாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் சிவில் வழக்குகளுக்கான இலவச சட்ட உதவி பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் வெளிநாடு சம்பந்தப்பட்டவை. கணவர் ஒரு நாட்டில், குழந்தை இன்னொரு நாட்டில். வேலை பார்த்தது ஓரிடம், சம்பள பாக்கிக்கு அலைவது வேறிடம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட அரசு வக்கீல் வைத்துக் கொடுக்கிறது. வீட்டை விட்டு விரட்டப்படுகிறவருக்கும், குழந்தையை இழக்கப்போகிற தாய்க்கும் அந்தக் கட்டாயம் ஏன் இல்லை? சர்வதேச சட்டத்தில் இதற்கு இடமே கிடையாதா? (சட்டக் கல்லூரி மாணவி)

இடம் இருக்கிறது, ஆனால் ஒரு மூலையில் இருக்கிறது. முதலில் குற்றவியல் பக்கத்தைப் பாருங்கள். 1966ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 14வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் பணம் இல்லையென்றால், நீதியின் நலனுக்குத் தேவைப்படும்போது, அவருக்கு இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டது. 2012 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை சட்ட உதவிக்கென்றே தனியாக ஓர் ஆவணத்தை நிறைவேற்றியது. 14 கொள்கைகள், 18 வழிகாட்டு நெறிகள். நல்ல ஆவணம், நிறைய நாடுகள் அதை வைத்துச் சட்டம் திருத்தியிருக்கின்றன. ஆனால் அதன் தலைப்பிலேயே 'குற்றவியல் நீதி அமைப்புகளில்' என்று இருக்கிறது. சிவில் வழக்குகளுக்கு இதற்கு இணையான ஓர் ஆவணம் இல்லை. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 2007ல் கொடுத்த விளக்கத்தில், மற்ற வழக்குகளிலும் வசதியில்லாதவர்களுக்கு இலவச உதவி தரும்படி நாடுகளை ஊக்குவிப்பதாக எழுதியது. ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. குற்ற வழக்கில் எதிரே நிற்பது அரசு, ஆளைப் பிடித்துச் சிறையில் போடப்போவதும் அரசு, ஆகவே எதிர்த் தரப்புக்கும் ஒரு வக்கீல் இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்கிறது. சிவில் வழக்கு என்றால் 'இரண்டு தனி ஆட்களின் சண்டை, எனக்கென்ன' என்று ஒதுங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். 1963ல் கிடியன் வழக்கில், கடுமையான குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் ஏழைக்கு வக்கீல் தந்தே ஆகவேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 1981ல் லாசிட்டர் வழக்கில், ஒரு தாய்க்குத் தன் பிள்ளை மீதுள்ள உரிமையையே ரத்து செய்யும் வழக்காக இருந்தாலும் வக்கீல் தருவது எல்லா நேரமும் கட்டாயமில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையை இழப்பது ஆறு மாத ஜெயில் தண்டனையைவிடச் சின்ன விஷயம் என்று எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்?

இதற்கு நேர் எதிர்த் திசையில் போன வழக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். அயர்லாந்தின் கார்க் நகரத்தைச் சேர்ந்த ஜொஹான்னா ஏரி, கடையில் வேலை பார்த்த பெண், நான்கு பிள்ளைகளின் தாய். அடித்ததற்காகக் கணவர் ஏற்கெனவே கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர். அன்றைய அயர்லாந்தில் விவாகரத்து கிடையாது. கோர்ட் மூலமாகச் சட்டப்படி பிரிந்து வாழ அனுமதி வாங்கலாம், அதுவும் உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் முடியும். கணவர் எதிர்க்காவிட்டாலே 500 முதல் 700 பவுண்டு வரை செலவாகும், எதிர்த்தால் 800 முதல் 1,200 வரை. 1978 கடைசியில் அவருக்கு வாரத்துக்குக் கையில் வந்த சம்பளம் 39.99 பவுண்டு. எந்த வக்கீலும் கிடைக்காமல், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். (அங்கே அவருக்காக வாதாடிய மேரி ராபின்சன் பிற்பாடு அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.) அரசு சொன்ன பதில் என்ன தெரியுமா? கோர்ட் வாசல் திறந்துதானே இருக்கிறது, வக்கீல் இல்லாமல் அவரே வந்து வாதாடிக்கொள்ளலாமே! நீதிபதிகள் கணக்கைப் பார்த்தார்கள். 1972 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை அந்த நாட்டில் போடப்பட்ட இந்த வகை வழக்குகள் 255. அந்த 255லும் வழக்குப் போட்டவருக்கு வக்கீல் இருந்தார், ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. 1979 அக்டோபர் 9ம் தேதி தீர்ப்பு வந்தது: உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையில் பயன்பட வேண்டும். அதே சூட்டில் அயர்லாந்து சிவில் சட்ட உதவித் திட்டத்தை அறிவித்து, சட்ட உதவி வாரியத்தை அமைத்தது. ஆனால் அது முறையான சட்டமாக வர 1995 ஆகிவிட்டது.

ஒன்று கவனியுங்கள். எல்லா சிவில் வழக்குக்கும் இலவச வக்கீல் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வக்கீல் இல்லாமலே சமாளிக்கும்படி நடைமுறையை எளிதாக்குவதும் ஒரு வழிதான் என்றது. எளிதாக்கவும் மாட்டேன், வக்கீலும் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதுதான் அதன் சாரம். ஒரு கடைப் பணியாளர் போட்ட வழக்கு ஐரோப்பா முழுவதற்கும் அளவுகோலானது. சர்வதேச ஏற்பாடு ஒன்று இருந்ததால்தான் அவருடைய சொந்த அரசு அசைந்தது, இல்லையென்றால் அசைந்திருக்காது.

என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், நாலு வருடமாகக் குழந்தைக்கு ஒரு காசும் அனுப்பவில்லை. அந்த ஊருக்குப் போய் கேஸ் போடுகிற அளவுக்கு என்னிடம் வசதி இல்லை. ஏதாவது வழி உண்டா அக்கா? (ஒரு வாசகி)

இருக்கிறதம்மா. ஆனால் இரண்டு நாடுகளும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அதை முதலில் விசாரித்துவிடுங்கள். நான் சொல்வது, நாடுகளுக்கு இடையே குடும்ப, சிவில் சட்ட ஒப்பந்தங்களை உருவாக்கும் ஹேக் மாநாடு என்ற அமைப்பு 2007 நவம்பர் 23ல் முடித்த குழந்தைப் பராமரிப்புத் தொகை ஒப்பந்தம். 2013ல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் இருக்கின்றன. ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியலும், ஒவ்வொரு நாட்டிலும் மனுவை வாங்கிக்கொள்ளும் 'மத்திய அதிகார அமைப்பு' எது என்ற முகவரியும் இருக்கும்.

நடைமுறை இதுதான். நீங்கள் உங்கள் நாட்டில் உள்ள அந்த அலுவலகத்தில் மனு கொடுக்கிறீர்கள். அவர்கள் அதைச் சரிபார்த்து, கணவர் இருக்கிற நாட்டின் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்க, வருமானத்தைத் தெரிந்துகொள்ள, ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்தால் அதை அங்கே செல்லுபடியாக்கிப் பணத்தை வசூலிக்க, எல்லாவற்றுக்கும் உதவ வேண்டியது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 15வது பிரிவு. 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கான பராமரிப்புத் தொகைக்கு இந்த வழியாக மனு வந்தால், மனு போய்ச் சேரும் நாடு இலவச சட்ட உதவி தந்தாக வேண்டும். தாயின் சம்பளம் எவ்வளவு, வீடு இருக்கிறதா, நகை இருக்கிறதா என்ற கேள்வியே பொதுவாக வராது. சில நாடுகள் வசதியைப் பார்ப்போம் என்று அறிவித்திருக்கலாம். அப்படியானாலும் பெரும்பாலான மனுக்களில் பார்க்க வேண்டியது பிள்ளையின் வசதியை, பெற்றவரின் வசதியை அல்ல. கைக்குழந்தைக்கு என்ன சொத்து இருக்கப்போகிறது! யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்மையான தாய்மார்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு இது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். அலுவலகத்தைத் தாண்டி நேராக வெளிநாட்டுக் கோர்ட்டில் மனு போட்டால் இந்த 15வது பிரிவின் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது, ஆகவே அலுவலகம் வழியாகவே போங்கள். உங்களுக்கென்று தனியாக ஜீவனாம்சம் கேட்கிறீர்கள் என்றால் விதி வேறு, அங்கே உங்கள் வருமானத்தையும் வழக்கின் பலத்தையும் பார்ப்பார்கள். இரண்டு நாட்டில் ஒன்று இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று வந்தால் மனதை விட்டுவிடாதீர்கள்; 1956ல் ஐ.நா. ஏற்பாட்டில் நியூயார்க்கில் உருவான பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு, இரு நாடுகளுக்கு இடையே மட்டும் செய்துகொண்ட உடன்பாடுகளும் உண்டு. உங்கள் ஊர் இலவச சட்ட உதவி மையத்தில் 'எந்த ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பலாம்' என்று நேரடியாகக் கேளுங்கள். திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, கடைசியாகப் பணம் வந்த தேதி தெரியும் வங்கிக் கணக்கு விவரம், அவர் வேலை செய்யும் இடம் பற்றித் தெரிந்த எதுவானாலும், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது முதலாளி எட்டு மாதச் சம்பளம் தராமல் ஏமாற்றிவிட்டார். விசா முடிந்து திரும்பி வந்துவிட்டேன். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா சார்/மேடம்? (ஒரு தொழிலாளி)

உண்மை இல்லை, ஆனால் கடினம். இதைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

1980 அக்டோபரில் ஹேக்கில் இன்னொரு ஒப்பந்தம் ஏற்பட்டது, நீதியை அணுகுவதற்கான ஒப்பந்தம். அதன் முதல் பிரிவே, உறுப்பு நாடு ஒன்றின் குடிமக்களும் அங்கே வழக்கமாக வசிப்பவர்களும், மற்ற உறுப்பு நாட்டில் சிவில் வழக்கு நடத்த, அந்த நாட்டுக் குடிமக்களுக்கு என்ன விதியோ அதே விதியில் சட்ட உதவி பெறலாம் என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. முன்பு அந்த நாட்டில் வசித்துவிட்டுத் திரும்பி வந்தவரும், அங்கே வசித்த காலத்தில் ஏற்பட்ட விஷயத்துக்கான வழக்கு என்றால் உதவி கேட்கலாம் என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அதாவது அது உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதிய வரி. மனுவை அனுப்ப, வாங்க, முடிவு செய்ய எதற்கும் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக 'தோற்றுப்போனால் எதிர்த் தரப்பின் செலவுக்கு முன்கூட்டியே பணம் கட்டு' என்று டெபாசிட் கேட்பதையும் அந்த ஒப்பந்தம் தடுக்கிறது. பணக்கார வியாபாரிக்கு அந்த டெபாசிட் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்; சம்பளம் கிடைக்காத தொழிலாளிக்கு அதுவே வழக்கின் முடிவு.

சிக்கல் எங்கே என்றால், இதில் சேர்ந்திருக்கும் நாடுகள் கொஞ்சம்தான், அதிலும் பெரும்பாலானவை ஐரோப்பிய நாடுகள். குறைந்தது நீங்கள் வேலை பார்த்த நாடாவது சேர்ந்திருந்தால்தான் பலன். அப்புறம் இன்னொரு சிக்கல், இது ஆழமானது. 'உள்நாட்டவருக்குச் சமமாக' என்பதுதான் இந்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றின் அடிப்படை. உள்நாட்டவருக்கே சம்பள வழக்கில் சட்ட உதவி கிடையாது என்றால்? பூஜ்யத்துக்குச் சமம் பூஜ்யம்தான். 1951ம் வருட அகதிகள் உடன்படிக்கையின் 16வது பிரிவிலும் இதே கதை. வழக்கமாக வசிக்கும் நாட்டில் அகதிக்கும் குடிமகனுக்குத் தருகிற சட்ட உதவியைத் தர வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் குடிமகனுக்கு எவ்வளவு என்பதில் யாரும் கை வைக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காலக்கெடு. சம்பள பாக்கிக்கு வழக்குப் போட ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கெடு உண்டு, சில இடங்களில் அது ரொம்பக் குறைவு, ஆகவே இன்றைக்கே ஆரம்பியுங்கள். நீங்கள் வேலை பார்த்த நாட்டில் இருக்கிற உங்கள் தூதரகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு ஒரு பதிவு எண் வாங்குங்கள். உங்களுக்காக அங்கே ஆஜராக ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அதை அங்கே ஏற்றுக்கொள்ளும்படி எப்படிச் சான்றளிப்பது என்பதைத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை ஒப்பந்தம், அடையாள அட்டை, சம்பளம் ஏறிய பழைய வங்கிப் பதிவுகள், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எதையும் அழித்துவிடாதீர்கள். கூட வேலை பார்த்த மற்றவர்களுக்கும் பாக்கி இருந்தால் சேர்ந்து புகார் கொடுங்கள், எடை கூடும்.

இதைப் படிக்கிற, இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பளம் நிலுவையில் இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே புகாரைப் பதிவு செய்து, பவர் பத்திரத்தையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்தபிறகு செய்வதைவிட அது எவ்வளவோ சுலபம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை தாண்டிய சட்ட உதவி நன்றாக நடக்கிறது என்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்கள்? (ஒரு வாசகர்)

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு படிவம் போட்டார்கள். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. 2003 ஜனவரி 27ம் தேதி இயற்றிய வழிகாட்டுச் சட்டப்படி (டென்மார்க் மட்டும் இதில் இல்லை) எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி விண்ணப்பப் படிவம். இருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். வாங்குகிற அலுவலகம் மனுவையும் தேவையான ஆதாரங்களையும் மொழிபெயர்க்க உதவ வேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். வழக்குக்கு முந்திய ஆலோசனை, வக்கீல், மொழிபெயர்ப்பாளர், கோர்ட் நேரில் வரச் சொன்னால் பயணச் செலவு, எல்லாம் உதவிக்குள் அடக்கம். மனுவை நிராகரித்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். தினம் தினம் ஓர் அலுவலக ஜன்னலுக்கும் இன்னொன்றுக்கும் அலைந்தவர்களுக்குத்தான் இந்த 15 நாளின் அருமை தெரியும்.

வெளிநாட்டு நிபுணர்கள் வருகிறார்கள், நட்சத்திர ஹோட்டலில் கருத்தரங்கு நடக்கிறது, அறிக்கை வருகிறது, போய்விடுகிறார்கள். சர்வதேச ஒத்துழைப்பு என்பது இதுதானா? வெளிப்படையாகச் சொல்லுங்கள். (சட்ட உதவி மையத்தில் வேலை பார்க்கும் வழக்கறிஞர்)

நீங்கள் சொல்வது நடக்கத்தான் செய்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் உருப்படியாக எல்லை தாண்டிப் போன விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் எது நிற்கும் எது நிற்காது என்று பிடிபடும்.

ஒன்று, கேள்வித்தாள். 1999ல் ஹேசல் ஜென் என்ற பேராசிரியர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார். கோர்ட்டுக்கு வந்தவர்களை எண்ணுவதற்குப் பதிலாக, வீடு வீடாகப் போய் 'கடந்த ஐந்து வருடத்தில் கடன், வீட்டு வாடகை, வேலை, குடும்பம் என்று சட்டத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல் ஏதாவது வந்ததா, என்ன செய்தீர்கள்' என்று கேட்டார். பத்தில் நான்கு பேருக்கு வந்திருந்தது. பெரும்பாலானவை கோர்ட் பக்கமே போகவில்லை. இந்த முறை நாடு நாடாகப் பரவி, இன்று உலகம் முழுக்க இப்படிக் கணக்கெடுக்கிறார்கள். 2019ல் சர்வதேசக் குழு ஒன்று, தீர்க்க முடியாத சட்டச் சிக்கலோடு 150 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டதும் இந்த வகை ஆய்வுகளை வைத்துத்தான். 2020ல் ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில், தகராறு ஏற்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தீர்வு காணும் வழி கிடைத்தது என்பது ஒரு குறியீடாகவே சேர்ந்துவிட்டது. அதுவரை நீதி பற்றிய அந்த இலக்கின் கீழ் எண்ணியதெல்லாம் குற்றத்துக்கு ஆளானவர்களையும் விசாரணைக் கைதிகளையும்தான். சிவில் சிக்கல் உலகக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது அந்த வருடம்தான். கணக்கில் இல்லாததற்கு எந்த நிதியமைச்சரும் பணம் ஒதுக்க மாட்டார், அதனால் இதை நான் சின்ன வெற்றியாக நினைக்கவில்லை.

இரண்டு, பணம் திரட்டும் வழி. தங்களிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர்களின் பணத்தை வக்கீல்கள் கொஞ்ச நாள் தங்கள் பொறுப்பில் வங்கியில் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் சின்னத் தொகை, தனித்தனியாக வட்டி வராது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, அந்த வட்டியைச் சட்ட உதவிக்குக் கொடுக்கும் யோசனை ஆஸ்திரேலியாவில் பிறந்து, கனடா போய், 1981ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு வந்து, பிறகு அந்த நாடு முழுக்கப் பரவியது. 2003ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அழகான யோசனை. ஆனால் 2008 பொருளாதார வீழ்ச்சியில் வட்டி விகிதம் தரைமட்டமானபோது வருமானமும் சரிந்தது, அதுவும் ஏழைகளுக்கு வழக்குகள் பெருகிய நேரத்தில். இதைக் காப்பியடிக்கிற நாடுகள் அந்தப் பாதியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது எனக்கு மிகவும் நெருக்கமானது: வக்கீல் அல்லாதவர்கள். சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 2003ல் டிமாப் என்ற அமைப்பு ஊர்க்காரர்களையே சட்டப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தது. நாட்டில் இருந்த கொஞ்ச நஞ்ச வக்கீல்களும் பெரும்பாலும் தலைநகரத்தைத் தாண்டி இல்லை. நிலத்தகராறு, பிள்ளைக்குப் பராமரிப்பு, தராத கூலி இவற்றை இவர்கள் பேசித் தீர்த்தார்கள்; பேச்சுக்கு மசியாதவருக்குப் பின்னால் வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வெளிநாட்டு நிதியில் தொடங்கியதுதான், ஆனால் அங்கேயே நிற்கவில்லை. 2012ல் அந்த நாட்டுச் சட்ட உதவிச் சட்டமே இந்தப் பணியாளர்களை அங்கீகரித்தது. 2016ல் கென்யாவின் சட்டமும் அங்கீகரித்தது. பணக்கார நாடுகளுக்கும் இந்த யோசனை தேவைப்படுகிறது: அலாஸ்காவில் வக்கீலே இல்லாத தொலைதூரக் கிராமங்களுக்காக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் குறிப்பிட்ட சிவில் விஷயங்களில் உதவலாம் என்று 2022ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் விதி போட்டது. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதில் பழைய திசை இனி செல்லாது.

ஆகவே என் பதில் இது: உள்நாட்டு பட்ஜெட்டிலும் உள்நாட்டுச் சட்டத்திலும் போய் உட்கார்ந்த உதவி நிற்கிறது, திட்டக் காலம் முடிந்ததும் கையைக் கழுவுகிற உதவி நிற்பதில்லை. உக்ரைனைப் பாருங்கள். 2011ல் சட்டம், 2013ல் குற்ற வழக்குகளுக்கான மையங்கள், 2015ல் சிவில் வழக்குகளும் சேர்ந்தன. கனடா உட்பட வெளியார் உதவி இருந்தது. ஆனால் மையங்கள் அரசின் மையங்கள், மக்களுக்குப் போர்க்காலத்திலும் அவை தேவைப்பட்டன. மறுபக்கம், 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்தப் பணத்தை நம்பி நடந்த சட்ட உதவி அமைப்புகள் பல நாடுகளில் ஒரே வாரத்தில் திணறிப்போயின. வழக்கு நடுவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் 'திட்டம் முடிந்துவிட்டது' என்று சொல்ல நேரும் பணியாளரை நினைத்தால் மனசு கனக்கிறது.

பணக்கார நாடுகளிலும் பின்வாங்கல் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1949லேயே சட்ட உதவிக்குச் சட்டம் கொண்டுவந்து உலகத்துக்கு முன்மாதிரியாக இருந்த பிரிட்டன், 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான குடும்ப வழக்குகளையும் கடன், நலத்திட்ட வழக்குகளில் பெரும்பகுதியையும் உதவியிலிருந்து வெட்டிவிட்டது. ஆகவே நிபுணர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதை வைத்து மயங்க வேண்டாம், அவர் ஊரில் இப்போது என்ன நிலைமை என்று கேளுங்கள். கருத்தரங்கிலேயே எழுந்து கேளுங்கள்.

இனிமேல் எல்லாம் ஆன்லைன்தானே? ஏஐயே மனு எழுதித் தரும்போது சட்ட உதவி அலுவலகம் எதற்கு? (ஒரு ஐ.டி. ஊழியர்)

நெதர்லாந்து இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்துவிட்டது. அந்த நாட்டுச் சட்ட உதவி வாரியம், ஹேக்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தோடும் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனத்தோடும் சேர்ந்து 'ரெக்ட்வைசர்' என்ற தளத்தை நடத்தியது. பிரிந்து போகும் தம்பதிகள் படிப்படியாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தாங்களே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். உலகமே பாராட்டியது. 2017ல் அந்தக் கூட்டு முயற்சி முடிவுக்கு வந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஆட்கள் வரவில்லை, செலவு கட்டவில்லை. ஆனால் அதே அடித்தளத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலச் சட்ட உதவி அமைப்பு 2016ல் சொந்தமாக ஒரு தளம் தொடங்கியது. அது அங்கே தொலைபேசி, நேரடி உதவி எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு பகுதியாக இருந்தது. தகவல் சொல்ல, படிவம் நிரப்ப இயந்திரம் தாராளமாக உதவட்டும். எதிரில் மிரட்டுகிற கணவர் இருக்கும்போது, நாளை காலை பூட்டை உடைக்க ஆள் வரும்போது, பக்கத்தில் ஒரு மனிதர் தேவை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர் நான். சிவில் சட்ட உதவிக்கு உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள், பேனாவை உங்களிடம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன எழுதுவீர்கள்?

நல்ல கேள்வி ஐயா, உங்களைப் போல் மனுக்கள் வந்து குவிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்தான் இதைக் கேட்க முடியும்.

'சமமாக நடத்துவோம்' என்பதோடு நிறுத்த மாட்டேன். குறைந்தபட்சம் ஒன்றை எழுதுவேன்: வீட்டை இழக்கும் வழக்கு, பிள்ளையை இழக்கும் வழக்கு, குடும்ப வன்முறை, சம்பள பாக்கி, இந்த நான்கிலும் ஒவ்வொரு நாடும் தன் சொந்த மக்களுக்கும் அங்கே இருக்கிற மற்றவர்களுக்கும் உதவி தர வேண்டும். நான்கும் ஒரே நாளில் வராது, படிப்படியாக வரட்டும், ஆனால் எந்த வருடம் எது என்று எழுதிக் கொடுக்கட்டும். ஏழை நாட்டுக்கு முதல் பத்து வருடச் செலவில் ஒரு பங்கைப் பணக்கார நாடுகள் தரட்டும், வருடா வருடம் அந்தப் பங்கு குறைந்து உள்நாட்டு பட்ஜெட்டின் பங்கு ஏறட்டும். திடீரென்று நிறுத்துவதாக இருந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் முடியும்வரை பணம் வர வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன்.

தரத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும். இங்கிலாந்தில் அனுபவமுள்ள வக்கீல்கள் சட்ட உதவி வக்கீல்களின் முடிந்த ஃபைல்களை எடுத்துப் படித்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. அதை இன்னொரு நாட்டு வக்கீல்களும் சேர்ந்து செய்யட்டும். இலவச வக்கீல் என்றால் வாய்தா வாங்குகிற வக்கீல் என்ற பெயர் பல நாடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது போக வேண்டும்.

கடைசியாக, தாமதம். அயர்லாந்திலேயே, அந்தப் பெரிய தீர்ப்பு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், சட்ட உதவி கேட்ட ஒரு பெண்ணை 25 மாதம் காக்க வைத்தார்கள். 2004ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது அவருடைய உரிமையை மீறிய செயல் என்றது. ஆகவே என் ஒப்பந்தத்தில் நாள் கணக்கு இருக்கும். மனுவை வாங்கியதற்கு அன்றே ரசீது, 15 நாளுக்குள் அடுத்த அலுவலகம், 60 நாளுக்குள் முடிவு, அவசர வழக்கென்றால் மூன்றே நாள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று மனுதாரருக்குப் புரிகிற மொழியில் எழுதி, மேல்முறையீடு யாரிடம், எந்த முகவரியில் என்பதையும் அதே தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.